ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது யார்?

வாடகை வண்டிகளை ஓரங்கட்டிச் சோதனை போட்டால், அபராதம் வசூலிக்கத்தான் நிற்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். மோட்டார் வாகன ஆய்வாளராகச் சென்னைச் சாலைகளில் பல வருடம் நின்றவன் நான். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ் இதையெல்லாம் பார்க்க இப்போது வண்டியை நிறுத்த வேண்டியதே இல்லை, நம்பரைத் தட்டினால் போதும். நிறுத்தினால் மட்டுமே தெரிகிற விஷயங்கள் இரண்டு. ஓட்டுகிறவர் யார்? அவர் கடைசியாக எப்போது தூங்கினார்?

ஆப் டாக்சிகளில் ஐடியை வாடகைக்கு விடுகிற பழக்கம் உண்டு. பதிவு ஒருவர் பெயரில் இருக்கும், ஓட்டுவது வேறொருவர். ஒருமுறை ஜிஎஸ்டி சாலையில் இரவுச் சோதனையில் ஒரு கார் வந்தது. விமான நிலையத்திலிருந்து வந்த ஒரு பெண் பின்னால் தனியாக இருந்தார். அவர் போனில் ஆப் காட்டிய ஓட்டுநர் படத்துக்கும் வண்டியை ஓட்டியவருக்கும் சம்பந்தமே இல்லை. "மச்சானுக்குக் காய்ச்சல் சார், இன்னைக்கு ஒரு நாள்தான்" என்றார் ஓட்டுநர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வழியில் ஏதாவது நடந்திருந்தால், போலீஸ் முதலில் போய் நிற்பது காய்ச்சலில் படுத்திருக்கும் மச்சான் வீட்டு வாசலில்தான். அந்தப் பெண்ணுக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்தோம். "நம்பர் சரியா இருந்துச்சு சார், முகத்தையெல்லாம் யாரு பாக்குறா?" என்று கேட்டார். பெரும்பாலான பயணிகள் அப்படித்தான்.

2014 டிசம்பரில் டெல்லியில் ஆப் டாக்சியில் ஏறிய ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை என்னால் மறக்க முடியவில்லை. அந்த ஓட்டுநர் மீது முன்பே வழக்குகள் இருந்தன. அவர் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் போலி. 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஓட்டுநர்களைப் போலீஸ் விசாரணைக்குப் பிறகே சேர்க்கச் சொல்லின. சரி, சேரும்போது விசாரித்தாயிற்று. இன்று ராத்திரி சாவி யார் கையில் இருக்கிறது என்பதை ரோட்டில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2019 ஜனவரிக்குப் பிறகு பதிவான டாக்சிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். புது சீட் கவர் போடும்போது பொத்தானையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் ஏதும் இருக்காது. ஆனாலும் கவரை விலக்கவைத்த பிறகுதான் வண்டியை விடுவேன்.

தூக்கம்தான் இன்னும் பெரிய கவலை. அதே 2020 நெறிமுறைகள், ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அப்புறம் 10 மணி நேரம் ஓய்வு என்றன. எத்தனை ஆப்பில் ஓட்டினாலும் மொத்தக் கணக்கு அதுவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ஆப்பை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிறவரின் மொத்த நேரத்தைக் கூட்டிச் சொல்ல எங்களிடம் எந்த வழியும் இல்லை. கண் சிவந்திருக்கும், ஜன்னலை முழுதாக இறக்கிவிட்டு முகத்தில் காற்று படும்படி ஓட்டுவார்கள். கேட்டால் "டியூ கட்டணும் சார்" என்பார்கள். அவரைத் திட்டி என்ன பயன்? டீ குடிக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போகச் சொல்வேன். அதற்கு மேல் என்னிடம் அதிகாரம் இல்லை.

விதியை அமல்படுத்துகிறவனாக இருந்தாலும் ஓட்டுநர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சென்னை ஆட்டோக்களுக்கு 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. 2022-ல் பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்றபோதும் அதே கட்டணம்தான். மீட்டர் போடவில்லை என்று அபராதச் சீட்டு எழுதும்போது, அந்த ஓட்டுநரின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கட்டணம் கட்டுப்படியானால் அவரும் நேரத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுப்பார்.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உரிம எண்ணைத் தட்டினால், அந்த ஓட்டுநர் இன்று எல்லா ஆப்களிலும் சேர்த்து எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறார் என்பது ஆய்வாளரின் கையில் இருக்கும் போனில் வர வேண்டும். நேரக் கணக்கு ஏற்கெனவே ஒவ்வொரு ஆப்பிடமும் தனித்தனியாக இருக்கிறது. அதை ஒரே இடத்தில் சேர்த்துத் தரச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும்.