ஐந்து எண்ணிக்கை அச்சம்: ஜான் கார்ப்பெண்டரின் கலிஃபோர்னியாவில்

ஜான் கார்ப்பெண்டரைப் பேய்ப்பட இயக்குநர் என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்களோடு எனக்கு எப்போதும் ஒரு சண்டை உண்டு. அவர் இயக்கிய படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இசையும் அவரே. முகமூடி, கத்தி, ரத்தம் என்று மற்றவர்கள் பேசும்போது எனக்கு அந்தச் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிதான் காதில் ஓடும். இந்த மனிதர் நம்மைப் பயமுறுத்துவது தாளத்தால். கலிஃபோர்னியாவுக்குப் போகும் வாய்ப்பு வந்ததும், அவர் படம்பிடித்த இடங்களில் நின்று அந்த இசையைக் கேட்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசையாக இருந்தது.

தம்பி சான் ஹோசேயில் வேலை பார்க்கிறான். விடுப்பு எடுத்துக்கொண்டு காரோடு லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்துவிட்டான். பேய்ப்படம் என்றால் அவன் அந்தப் பக்கமே வரமாட்டான். ஆனால் சின்ன வயதில் ஒழுங்காக மிருதங்கம் படித்தவன். அது எவ்வளவு உதவியாக இருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சவுத் பாசடீனா. 1978இல் வந்த 'ஹாலோவீன்' படத்தின் ஹாடன்ஃபீல்டு ஊர் இதுதான். கதைப்படி அது இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது. பெயரை மட்டும் நியூஜெர்சியில் உள்ள தன் சொந்த ஊரிலிருந்து எடுத்துக்கொடுத்தவர், படத்தின் இணை எழுத்தாளரும் தயாரிப்பாளருமான டெப்ரா ஹில். சவுத் பாசடீனா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் மிஷன் தெருவிலேயே படத்தின் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் வீடு நிற்கிறது. 1888இல் கட்டிய பழைய மர வீடு. படம் எடுத்தபோது மெரிடியன் அவென்யூவில் இருந்தது. 1987இல் இடித்துத் தள்ளப்படவிருந்த வீட்டை அப்படியே பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இப்போது உள்ளே அலுவலகங்கள். அடுத்த கணம் ரயில் வரும் என்று கடவுப்பாதை மணி அடித்தது, பள்ளிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். முன் தாழ்வாரத்து மரத்தூண்களில் வெள்ளைச் சாயம் பளிச்சென்று இருந்தது.

அந்தச் சாயத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். படத்தில் இந்த வீடு பெரும்பாலும் பாழடைந்த வீடாகத்தான் வருகிறது. நிஜத்திலும் அப்போது அது கேட்பாரற்றுக் கிடந்த வீடுதான். பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதையாக வரும் தொடக்கக் காட்சிக்கு மட்டும் அது குடியிருக்கும் வீடாகத் தெரிய வேண்டும். அதனால் அதைப் படப்பிடிப்பின் கடைசிக்குத் தள்ளிவைத்து, குழுவினர் கூடிச் சாயம் பூசி, கேமரா போகும் வழியில் மட்டும் சாமான்களை வைத்தார்கள். ஒளிப்பதிவாளர் டீன் கண்டியின் கேமரா வெளியே நின்று சன்னலைப் பார்க்கும், பக்கவாட்டில் சுற்றிச் சமையலறைக்குள் நுழையும், கத்தியை எடுக்கும், மாடிப்படி ஏறும். கொலைகாரனின் கண்ணாகவே நம்மை நடக்கவைக்கும் அந்தக் காட்சிக்குள் எத்தனை பேர் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று இங்கே நின்றால்தான் தோன்றுகிறது. படத்தின் மொத்தச் செலவே சுமார் 3,25,000 டாலர். முகமூடி இரண்டு டாலருக்கும் குறைவு. கடையில் விற்ற, 'ஸ்டார் ட்ரெக்' பாத்திரமான கேப்டன் கிர்க்கின் முகமூடியை வாங்கி வெள்ளையடித்து, கண் துளையைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

ஆக்ஸ்லி தெருப் பக்கம் நடந்தோம். கதாநாயகி லாரி ஸ்ட்ரோடாக வரும் ஜேமி லீ கர்ட்டிஸ் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கும் நடைபாதைகள் இவை. அதுதான் அவருடைய முதல் திரைப்படம். வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஆகவே நடைபாதையிலிருந்தே பார்த்தோம். தலையை நிமிர்த்தினால் பனைமரம். படத்திலும் சில காட்சிகளில் பின்னால் பனைமரம் எட்டிப்பார்க்கும், இல்லினாயில் அது எங்கே வளர்ந்தது! படம் பிடித்தது வசந்த காலத்தில். இலையுதிர் காலத்து இலைகளுக்காகச் சாயம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் பெருக்கி மூட்டைகட்டி அடுத்த தெருவுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

இவ்வளவு வெயில் அடிக்கும், இவ்வளவு சாதுவான ஒரு தெருவில் எதைக் கண்டு பயந்தோம்? கார்ப்பெண்டரின் சட்டகம் அகலமானது. ஆளை ஒரு ஓரத்தில் நிறுத்திவிட்டு மீதி இடத்தைக் காலியாக விடுவார். வேலி, நிழல், நிற்கும் கார், அவ்வளவுதான். அந்தக் காலி இடத்தில் ஆளைக் குடிவைப்பது இசை.

தம்பியிடம் இயர்போனைக் கொடுத்து 'ஹாலோவீன்' பின்னணியைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டான். அவன் விரல்கள் தொடையில் தானாகத் தட்டத் தொடங்கின.

"அண்ணா, இது கண்டம்தானே? தகிட தகிட தக தக. பத்து எண்ணிட்டு மறுபடி ஆரம்பிக்குது."

கண்டம் என்றால் நம் தாளக் கணக்கில் ஐந்து எண்ணிக்கை. எனக்குச் சிலிர்த்துப்போயிற்று. அந்தப் பியானோவை அதற்கு முன் யாரும் எனக்கு இப்படிப் பிரித்துக் காட்டியதில்லை. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. நாலு நாலாக எண்ணிப் பழகிய காது சமத்தை, அதாவது சுற்று தொடங்கும் அடியை, எதிர்பார்க்கும் இடத்தில் அது வராது, கொஞ்சம் தள்ளி வரும். கேட்பவர் எங்கேயும் காலை ஊன்ற முடியாது. கார்ப்பெண்டரின் அப்பா இசைப் பேராசிரியர், கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீனில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். பையனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது ஒரு ஜோடி பாங்கோவை வைத்துக்கொண்டு ஐந்து எண்ணிக்கைத் தாளத்தைத் தட்டிக் காட்டியிருக்கிறார். அப்பா அன்று தட்டிய அந்தத் தாளம்தான் பிறகு உலகம் முழுக்கத் தியேட்டர்களில் ஆட்களை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தது. டைட்டில் கார்டில் இசைக்குழுவின் பெயரை 'பவுலிங் கிரீன் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா' என்று போட்டிருப்பார். அப்படி ஒரு குழுவே கிடையாது. சிந்தசைசரோடு உட்கார்ந்திருந்தது கார்ப்பெண்டரும் அவருக்கு ஒலிகளை அமைத்துக்கொடுத்த டான் வைமனும்தான்.

இசை சேர்க்காத பிரதியைப் பெரிய ஸ்டுடியோ ஒன்றின் அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குத் துளியும் பயம் வரவில்லையாம். இசையால்தான் படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவுசெய்ததாகக் கார்ப்பெண்டரே எழுதியிருக்கிறார். காட்சியைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்து அவர் வாசிக்கவும் இல்லை. தனியாக வாசித்துப் பதிந்து, பிறகு படத்தில் பொருத்தியிருக்கிறார். என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிரே இந்த இடத்தில்தான். லாரி ஓடினாலும் அலறினாலும் அந்த இசை வேகம் கூட்டுவதில்லை. மைக்கேலும் ஓடுவதில்லை, நடந்தே வருகிறான். இசைக்கும் அவனுக்கும் ஒரே நடை. நம் அவசரத்தைக் கண்டுகொள்ளாத ஒன்று பின்னால் வந்துகொண்டே இருக்கிறது என்பதைவிட மோசமான பயம் என்ன இருக்கிறது?

மாலையில் சன்செட் பூலவார்டுக்குச் சற்று வடக்கே ஆரஞ்சு குரோவ் அவென்யூ. லாரி குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வீடும் தோழியின் வீடும் இங்கே எதிரெதிராக இருக்கின்றன. படத்தில் லாரி இந்தத் தெருவைக் குறுக்கே கடந்து ஓடிவரும்போது அது முடியவே முடியாத தெருவாகத் தெரியும். நிஜத்தில் ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெருவின் அகலம், அவ்வளவே.

மறுநாள் லாஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோ. 1987இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' படத்தின் தேவாலயம் ஊருக்கு நடுவில் தூண்களோடு நிற்கிறது. 1923இல் ஜப்பானிய அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் கட்டிய யூனியன் சர்ச். 1942இல் இந்தப் பகுதி ஜப்பானிய அமெரிக்கர்களைத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பும் முன் திரட்டிய இடங்களில் இதுவும் ஒன்று. இப்போது ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ் நாடகக்குழுவின் அரங்கம். படத்தில் இதன் வாசலில் ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் அசையாமல் நின்று முறைப்பார். டைட்டில் கார்டுகளைக் காட்சிகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பத்து நிமிடத்துக்கு அருகில் இழுத்துக்கொண்டே போவார் கார்ப்பெண்டர். அவ்வளவு நேரமும் அடியில் இசை நிற்காது. அந்தத் தொடக்கத்தை நான் அவருடைய மிகச் சிறந்த பத்து நிமிடங்களில் வைப்பேன். படத்தின் மீதி அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் வடக்கே நீண்ட பயணம். சான் பிரான்சிஸ்கோவைத் தாண்டி, பாயிண்ட் ரேயஸ் என்ற கடல்முனை.

'தி ஃபாக்' (1980) பார்த்தவர்களுக்கு அந்தக் கலங்கரை விளக்கம் மறக்காது. ஸ்டீவி வெய்ன் என்ற வானொலி அறிவிப்பாளர், ஏட்ரியன் பார்போ நடித்தது, தனியாக அந்தப் படிகளில் இறங்கி வேலைக்குப் போவாள். அங்கிருந்தபடி ஜாஸ் போட்டுக்கொண்டு, மூடுபனி எந்தத் தெருவுக்குள் நுழைகிறது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். நூறு வருடத்துக்கு முன் ஊரை நிறுவியவர்கள் பொய்யாகத் தீ மூட்டி ஒரு கப்பலைப் பாறையில் மோதவிட்டார்கள், செத்தவர்கள் இப்போது பனியோடு கரையேறுகிறார்கள் என்பது கதை. விளக்கால் செய்த துரோகத்துக்குக் கலங்கரை விளக்கத்திலிருந்தே ஒரு குரல் பரிகாரம் தேடுவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இன்வர்னஸைத் தாண்டியதும் சர் பிரான்சிஸ் டிரேக் பூலவார்டு மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே குறுகிப் போகிறது. வழியில் சைப்ரஸ் மரங்கள் இருபுறமும் கவிந்த ஒரு பாதை, அதன் முடிவில் வெள்ளைக் கட்டடம். அது கேபிஎச் என்ற பழைய கடல்வழி வானொலி நிலையம், கப்பல்களோடு மோர்ஸ் குறியீட்டில் பேசிய இடம். ஸ்டீவியின் கற்பனை நிலையத்தின் பெயர் கேஏபி. அங்கே இறங்காமல் போக முடியுமா!

பார்க்கிங்கிலிருந்து முனைக்கு நடக்கும்போதே காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் காற்று வீசினால் படிகளை மூடிவிடுவார்கள். அன்று திறந்திருந்தது. 313 படிகள். 1870இல் கட்டியபோது உச்சியில் கட்டாமல் பாறைச் சரிவில் நூற்றுக்கணக்கான அடி இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேலே வைத்தால் வெளிச்சம் பனிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். வட அமெரிக்காவிலேயே மிக அதிகமாக மூடுபனி பிடிக்கும் இடங்களில் இது ஒன்று.

நாங்கள் பாதிப் படி இறங்கியபோது மேலே வெயில், கீழே கடல் தெரியவில்லை. விளக்கின் சிவப்புக் கூரை மட்டும் வெண்மைக்குள் மிதந்தது. கைப்பிடி ஈரமாகக் குளிர்ந்தது. உள்ளே 1867இல் பிரான்சில் செய்த ஃபிரெனல் லென்ஸ், கப்பலில் தென் அமெரிக்காவைச் சுற்றிக் கொண்டுவந்தது. ஆளுயரத்தைத் தாண்டி அடுக்கடுக்காக நிற்கும் கண்ணாடிப் பட்டைகளில் நம் முகம் துண்டு துண்டாகத் தெரிகிறது. 1975இல் தானியங்கி விளக்கு வந்ததும் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கார்ப்பெண்டரின் கேமரா வந்துவிட்டது.

'தி ஃபாக்' இசையை அங்கே உட்கார்ந்து கேட்டேன். இதில் 'ஹாலோவீன்' போலத் தாளம் முன்னால் வராது. அடியில் ஒரு நீண்ட சுருதி, மேலே பியானோ தயங்கித் தயங்கி விழும். படத்தொகுப்பின் முதல் வடிவத்தைப் பார்த்துத் திருப்தியில்லாமல் கார்ப்பெண்டர் படத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் திரும்ப எடுத்தார், இசையையும் மாற்றிப் போட்டார். நெருப்பைச் சுற்றிப் பிள்ளைகளை உட்காரவைத்து, நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நடிகர் ஜான் ஹவுஸ்மன் கதை சொல்லும் தொடக்கம்கூட அப்படிச் சேர்த்ததுதான். எடுத்ததைத் தூக்கிப்போட்டு மறுபடி உட்கார அவருக்கு இருந்த பொறுமையை நினைத்தால் மரியாதை கூடுகிறது.

திரும்பி ஏறும்போது தம்பி மூச்சு வாங்கியபடியே கேட்டான்: "இவர் இப்பவும் வாசிக்கிறாரா அண்ணா?"

வாசிக்கிறார். படமே இல்லாமல் இசையை மட்டும் வைத்து 2015இல் 'லாஸ்ட் தீம்ஸ்' வெளியிட்டார். மகன் கோடி கார்ப்பெண்டரும், ஞானமகன் டேனியல் டேவிஸும் கூட வாசிக்கிறார்கள். மறுவருடம் மேடையேறி ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். 2018இல் புதிய 'ஹாலோவீன்' வந்தபோது மூவரும் சேர்ந்து இசையமைத்தார்கள். காரில் சான் ஹோசே வரைக்கும் அந்தத் தொகுப்புகளே ஓடின. பாலம் தாண்டும்போது தம்பி ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். 'ஹாலோவீன்' பார்க்கிறேன், ஆனால் பகலில்தான் என்று ஒப்புக்கொண்டான். பகலில் பார்ப்பதும் சரிதான், அந்தப் படத்தின் பாதி பயம் வெயிலில்தான் நடக்கிறது.

அடுத்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ஸ்டீவர்ட். 'தி திங்' படத்தின் அண்டார்டிகா முகாமை அந்த ஊர்ப் பக்கம்தான் கோடையிலேயே கட்டிவிட்டு, பனி வந்து மூடும்வரை காத்திருந்தார்கள். அமெரிக்க முகாமைக் கொளுத்தியபின் மிஞ்சிய எரிந்த கூடுதான் படத்தில் முன்னால் வரும் நார்வே முகாம். அதற்கு இசை இத்தாலிய இசையமைப்பாளர் எனியோ மோரிகோனே, ஆனால் கேட்டால் அந்த ஒற்றைத் துடிப்பில் கார்ப்பெண்டரின் கை தெரியும். 1982 ஜூன் 25இல் வெளியாகி, அப்போது விமர்சகர்களிடம் அடிவாங்கிய படம். தம்பிக்கு விடுப்பு கிடைப்பதைப் பொறுத்துக் கிளம்புவோம்.