லாங்ஆர்ம் மெஷினில் நூல் சிக்கு: திசையைப் பார்த்துச் சரிசெய்த அனுபவம்

லாங்ஆர்ம் குயில்டிங் மெஷினில் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்தால், நம் கை உடனே நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகாணிக்குத்தான் போகும். இந்த வருஷம் என் மெஷினோடு மல்லுக்கட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது வேறு. மெஷின் தலை எந்தத் திசையில் போகும்போது சிக்கு விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லாத் திசையிலும் விழுந்தால் காரணம் ஒன்று, ஒரே பக்கம் மட்டும் விழுந்தால் காரணம் வேறு. அது தெரியாமல் திருகாணியைத் தொட்டால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

லாங்ஆர்ம் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. வீட்டு மெஷினில் துணி நகரும், அடியில் இருக்கும் பல் அதை இழுக்கும், தையல் பெரும்பாலும் ஒரே திசையில் விழும். இங்கே மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றும் (இந்த மூன்றடுக்கைச் சேர்த்துத் தைத்தால் அதுதான் குயில்ட்) உருளைகளில் சுற்றி ஃபிரேமில் கிடக்கும். பல்லே கிடையாது. மெஷின் தலை தண்டவாளத்தில் ஓடி முன்னே, பின்னே, பக்கவாட்டில், வட்டமாக என்று எல்லாத் திசையிலும் தைக்கும். ஆதம்பாக்கத்தில் எங்கள் மாடி அறையின் ஒரு சுவர் முழுக்க இந்த 10 அடி ஃபிரேம்தான்.

சோதனைக்கு நான் தைப்பது சிக்குக் கோலம். குயில்ட்டின் ஓரத்தில் மீந்திருக்கும் இடத்தில் 5 நேர்ப்புள்ளி, 1 வரை, உள்ளங்கை அகலத்துக்கு. கோடு ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துக்கொண்டு போவதால் எல்லாத் திசையும் எல்லா வளைவும் அதற்குள் வந்துவிடுகிறது. மேலே மஞ்சள் நூல், அடியில் நீல நூல். பின்பக்கம் மஞ்சள் தெரிந்தால் மேல்நூல் கீழே இறங்கியிருக்கிறது. முன்பக்கம் நீலப் புள்ளிகள் தெரிந்தால் அடிநூல் மேலே இழுபடுகிறது. வெள்ளை நூலில் வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதலில் வந்த தொந்தரவு எல்லாத் திசையிலும் இருந்தது. பின்பக்கம் முழுக்க மஞ்சள் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மெஷின் பார்த்துப் பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவர் பல்லாவரத்திலிருந்து வந்தார். லாங்ஆர்ம் அவருக்குப் புதிது, ஆனால் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் பூட்டுத் தையல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மெஷினைத் திறக்கவே இல்லை. ஊசிக்குக் கீழே நூலைப் பிடித்து ஒருமுறை இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. "அடியில சிக்குனா மேல பாருங்கம்மா, மேல்பக்கம் அடிநூல் தெரிஞ்சா அடியில பாருங்க" என்றார்.

இது வெறும் வாய்ப்பாடு இல்லை, காரணம் இருக்கிறது. ஊசி கீழே போய்ச் சற்றே எழும்போது மேல்நூலில் ஒரு வளையம் உண்டாகிறது. அடியில் சுழலும் ஹூக் அதைக் கவ்வி, அடிநூல் பாபினை வைத்திருக்கும் பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. பிறகு மேலே இருக்கும் டேக்-அப் லீவர் எழுந்து அந்த வளையத்தை மேலே இழுத்து இறுக்க வேண்டும். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் அழுந்தி உட்காரவில்லை என்றால், லீவர் எழும்போது கீழே இருக்கும் வளையத்தை இழுக்காமல், மேல்நூல் சுற்றிய கோனிலிருந்து எளிதாக வரும் புது நூலை இழுத்துக்கொள்ளும். வளையம் அடியிலேயே நின்றுவிடும், அடுத்த வளையமும் அதன்மேல் சேரும். பின்பக்கம் பார்க்கிற நமக்கு பாபின்தான் கெட்டதுபோலத் தோன்றும்.

என் மெஷினில் தட்டுகளுக்கு நடுவே பழைய நூலின் பஞ்சு மெழுகாகத் திரண்டு ஒட்டியிருந்தது. தட்டுகள் முழுதாக மூடவில்லை. தடித்த நூலில் முடிச்சுப் போட்டு தட்டுகளுக்கு இடையே இழுத்து எடுத்ததும் கறுப்பாக ஒரு துணுக்கு வந்தது, கடுகளவுகூட இல்லை. பிறகு ஊசிப் பக்கம் நூலை இழுத்தால் ஊசி லேசாக வளைந்து கொடுத்தது. அந்த வளைவைப் பார்த்தாலே தட்டு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். இப்போது நூல் கோக்கும் ஒவ்வொரு முறையும் இந்த இழுப்பைப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போடுகிறேன். டென்ஷன் குமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. ஊசி துணிக்குள் இறங்கும் வரை நூல் தளர்ந்துவிடாமல் தாங்குவது அதுதான். அதன் கொக்கியிலிருந்து நூல் நழுவியிருந்தாலும் இதே மாதிரி வளையம் விழும்.

அடுத்தது மின்விசிறி. இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, ஆனால் சென்னையில் மாடி அறையில் தைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் மெஷின் முன்னால் நிற்க முடியாது. வழுவழுப்பான பாலியஸ்டர் நூல் கோனிலிருந்து தானே சரிந்து அடியில் சுருண்டு கிடக்கும். விசிறிக் காற்றில் அந்தச் சுருள் ஆடி, கோன் நிற்கும் கம்பியைச் சுற்றிக்கொள்ளும். திடீரென்று மேல்நூல் இறுகும், ஊசி வளையும், அடிநூல் மேலே புள்ளி புள்ளியாக வரும், சில சமயம் நூலே அறுந்துவிடும். டென்ஷனைத் தளர்த்தினால் அடுத்த பத்து அங்குலத்துக்குள் அடியில் வளையம். கோனுக்கு வலை உறை போட்டதும், கோனின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே நூல் நுழையும் முதல் கம்பி வளையம் வருமாறு ஸ்டாண்டை நகர்த்தியதும் இந்தக் கண்ணாமூச்சி நின்றது. குறுக்காகச் சுற்றிய கோன் நூல் மேல்நோக்கி உருவிக்கொண்டு வர வேண்டும். நேராக அடுக்கிச் சுற்றிய சின்ன ஸ்பூல் படுத்து உருண்டபடி வர வேண்டும். மாற்றி வைத்தால் நூலில் முறுக்கு ஏறி, ஊசிக்கு மேலேயே சுருண்டுகொள்ளும்.

பாபினுக்கு வருவோம். என் மெஷினில் எம் அளவு, பெரிய வட்டப் பாபின். வழக்கமான சோதனை, பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்குவது. கேஸ் கொஞ்சம் இறங்கி நின்றால் சரி என்பார்கள். ஆனால் பாபினில் நூல் நிறைய இருக்கும்போது கேஸ் கனமாக இருக்கும், பாதி தீர்ந்ததும் எடை குறைந்துவிடும். அதே இறுக்கத்துக்கு இரண்டு பதில் வரும். அதனால் டென்ஷன் அளக்கும் கேஜ் ஒன்று வாங்கினேன். நான் தைக்கும் காட்டன் நூலுக்கு 200 மில்லிநியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 20 கிராம் எடையின் இழுப்பு, நன்றாக ஒத்துவருகிறது. முதலில் இதை நிலைநிறுத்திவிட்டு, மீதி எல்லாத் திருத்தத்தையும் மேல் குமிழில் மட்டும் செய்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எது எதைக் கெடுத்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

நூலை இழுக்க இழுக்க கேஜ் எண் தாவினால் திருகாணியைத் தொடவே கூடாது. கேஸின் பக்கவாட்டுத் தகட்டுக்கு அடியில் நூல் துகள் இருக்கும். விசிட்டிங் கார்டின் மூலையை அடியில் நுழைத்து இழுத்தால் வந்துவிடும். கேஸுக்குள் நட்சத்திரம்போல் ஒரு மெல்லிய தகடு இருக்கிறதே, அதையும் தொலைத்துவிடக் கூடாது. வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கும்போது பாபின் தன் போக்கில் சுழன்று நூலை அவிழ்த்துவிடாமல் தடுப்பது அதுதான். ஒரு கோட்டின் முடிவில் மட்டும் கூடு கட்டியதுபோல் சிக்கு விழுந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தத் தகட்டை. கோட்டின் ஆரம்பத்தில் விழுந்தால் அது வேறு கதை: ஒரு தையல் போட்டு அடிநூலை மேலே எடுத்து, இரண்டு நுனியையும் விரலில் பிடித்துக்கொண்டு தொடங்கினால் போதும்.

இவ்வளவும் சரியான பிறகும் கோலத்தில் ஒரு பகுதி மட்டும் அடம் பிடித்தது. வட்டத்தின் மேல் வளைவில், தலை என்னை விட்டு விலகிப் போகும் இடத்தில் தையல் விட்டுப்போனது. என்னை நோக்கி வரும் பக்கம் தையல் விழுந்தது, ஆனால் நூல் பிசிறடித்தது. மற்ற இடமெல்லாம் கடைத் தையல் மாதிரி சுத்தம். இதற்கு டென்ஷன் காரணமாக இருக்க முடியாது, டென்ஷனுக்குத் திசை தெரியாதே.

காரணம் ஊசி வளைவது. ஊசி துணிக்குள் இருக்கும்போதும் தலை நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. தலை முன்னேற, துணி ஊசி முனையைப் பிடித்து வைக்க, முனை பின்தங்குகிறது. என் மெஷினில் ஹூக் ஊசிக்குப் பின்னால் ஓடுகிறது. தலை பின்னோக்கிப் போகும்போது முனை முன்பக்கம் வளைந்து ஹூக்கை விட்டு விலகும். ஹூக் வளையத்தைத் தவறவிடும், தையல் விட்டுப்போகும். தலை என் பக்கம் வரும்போது முனை ஹூக்கின் மேல் சாய்ந்து உரசும், நூல் பிசிறடிக்கும். மேல்நூலின் ஒவ்வொரு துண்டும் தையலில் பூட்டப்படும் முன் ஊசிக் காது வழியாக இருபது முப்பது தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஒரு சின்ன உரசலும் அத்தனை மடங்காகிவிடும்.

ஊசியை, லாங்ஆர்ம் ஊசிகளின் எம்ஆர் அளவில், 3.5-லிருந்து 4.0-க்கு மாற்றினேன். வீட்டு ஊசிக் கணக்கில் 90-லிருந்து 100, அதாவது 0.9 மில்லிமீட்டர் தண்டிலிருந்து 1 மில்லிமீட்டர் தண்டு. எண்ணில் சின்ன வித்தியாசம், விறைப்பில் பெரிய வித்தியாசம். இந்த ஊசியின் அடித்தண்டு முழு உருண்டை, வீட்டு ஊசிபோல் ஒரு பக்கம் தட்டை கிடையாது. அதனால் மாட்டும்போது லேசாகத் திரும்பிவிடும். காதுக்குள் ஒரு குண்டூசியை நுழைத்து விட்டால் அது நேராக என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் ஊசி திரும்பியிருக்கிறது. நீளமான பள்ளம் முன்னால், குழிந்த செதுக்கு ஹூக் பக்கம்.

துணி விஷயத்தில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஃபிரேமில் துணி முரசுத் தோல்போல் விறைப்பாக இருந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஊசிக்கு அசைய இடமே இருக்காது. அடியிலிருந்து விரலால் மூன்று அடுக்கையும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்க முடிகிற அளவுக்குத் தளர்த்தினேன். நெருக்கமாக நெய்த பாப்ளினை அடித்துணியாகப் போட்டபோது வந்த பாதித் தொந்தரவு, கோடவுன் தெருவில் வாங்கிய மல் துணியில் வரவே இல்லை. கையின் வேகமும் குறைந்தது. தையல் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர் இருந்தாலும், வளைவில் கை பறந்தால் பின்பக்கம் கண்ணிமை மயிர்போல் நூல் விழத்தான் செய்யும்.

ஹூக் முனையில் சிராய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க, காது குடையும் பஞ்சுக் குச்சியை அதன் ஓரமெல்லாம் மெதுவாகத் தடவினால் போதும். பஞ்சு மாட்டிக்கொள்ளும் இடத்தில் நூலும் மாட்டும். ஓர் இடத்தில் மாட்டியது. அதை மெக்கானிக் அண்ணன்தான் மெருகுச் சீலையால் தேய்த்துக் கொடுத்தார், டைமிங்கையும் அவரே பார்த்தார். ஊசி அடிமட்டத்திலிருந்து 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் எழும்போது ஹூக் முனை ஊசிக் காதுக்குக் கொஞ்சம் மேலே, செதுக்குக்குள் வந்து சேர வேண்டும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மேலே சொன்ன எல்லாம் முடிந்த பிறகும் தையல் விட்டால் மட்டும் ஆள் கூப்பிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாபின் கேஸ் துரு பிடிக்காமல் இருக்க, வேலை முடிந்ததும் கேஸைக் கழற்றித் துடைத்து, ஹூக் ஓடும் பாதையில் ஒரு சொட்டு வெள்ளை மெஷின் எண்ணெய் விடுகிறேன். மறுநாள் முதலில் வேஸ்ட் துணியில் ஓட்டிவிட்டுத்தான் குயில்ட்டில் வைப்பேன்.

இப்போது காட்டன் நூலிலும் டெக்ஸ் 40 தடிமனுள்ள பாலியஸ்டரிலும் கோலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுகிறது. அடங்காமல் இருப்பது ஜரிகை நூல்தான். 4.0 ஊசியில் பத்துப் பதினைந்து அங்குலத்துக்குள் பட்டை உரிந்து கம்பியும் இழையுமாகப் பிரிந்துவிடுகிறது. காது அகலமாக உள்ள 4.5 ஊசி, மேல் டென்ஷன் இன்னும் தளர்வு, அடியில் மெல்லிய பாலியஸ்டர், பாதி வேகம் என்று அடுத்து ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அதுவரை ஃபிரேமில் இருக்கும் குயில்ட்டின் பார்டர் மஞ்சள் காட்டனிலேயே போகிறது.