சின்னம்மாவின் மருந்து

மாசி 5
சின்னம்மாவுக்கு இன்று முதல் தடவையாக ரிட்டுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து. விடியவே பஸ் பிடித்துத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் பனடோலும் ஒவ்வாமைக்கான மருந்தும் கொடுத்து, பிறகு துளித்துளியாக ஏற்றினார்கள். ஒரு மணித்தியாலத்தில் குளிர் நடுக்கம் பிடித்தது. முதல் தரம் பலருக்கு வருவதுதான். தாதி மருந்தை நிறுத்திப் போர்வை போர்த்தி, நடுக்கம் அடங்கியதும் இன்னும் மெதுவாகத் தொடக்கினார். என் கைக்குள் அவவின் விரல்கள் உதறிக்கொண்டே இருந்தன.

"இது உள்ளுக்க போய் என்ன செய்யும் தம்பி?"

"கட்டியைக் கரைக்கும்" என்றேன். உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிற நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுவல்ல.

மாசி 6
நித்திரை வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். இந்த மருந்து ஒரு பிறபொருளெதிரி, குறித்த ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதம். அதன் இரண்டு கைகளும் பீ வகை நிணநீர்க்குழியம் என்ற வெண்குருதிக் கலத்தின் மேலுள்ள சீடி20 புரதத்தைப் பிடிக்கும். சின்னம்மாவின் புற்று அந்தக் கலத்தில்தான். வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நோயுற்ற கலங்களைக் கொல்லும் இன்னொரு வெண்குருதிக் கலம் இயற்கைக் கொல்லிக் கலம். அதன் மேல் சீடி16 என்றொரு வாங்கி, பற்றிக்கொள்ளும் புரதம், உண்டு. அது அந்த வாலைப் பற்றும். பற்றியதும் கொல்லிக் கலம் தன் மணிகளை ஒட்டிய பக்கமாகக் கொட்டும். அவற்றிலுள்ள பெர்போரின் என்ற புரதம் புற்றுக்கலத்தின் சவ்வைத் துளைக்கும், கிரான்சைம்கள் என்ற நொதியங்கள் உள்ளே போகும், புற்றுக்கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அப்புறம் அதே கொல்லிக் கலம் அடுத்ததைத் தேடிப் போகும்! மருந்து வேறு வழிகளிலும் வேலை செய்யும். ஆனால் சின்னம்மாவிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்: கொல்கிற ஆள் போத்தலில் வரவில்லை, அவவின் இரத்தத்திலேயே இருக்கிறான்.

மாசி 9
1975இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரேவகைப் பிறபொருளெதிரியை ஆய்வுகூடத்தில் உண்டாக்கும் முறையை வெளியிட்டார்கள். இயற்கைக் கொல்லிக் கலங்களைப் பற்றிய முதல் கட்டுரைகள் வந்ததும் அதே வருடம். ரிட்டுக்சிமாப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1997இல்.

புரதம் அமினோ அமிலங்களின் சங்கிலி. சீடி16இன் 158ஆம் இடத்தில் சிலருக்கு 'வாலின்' என்ற அமினோ அமிலம், சிலருக்கு 'பீனைல்அலனின்'. 'வாலின்' உள்ள வாங்கி மருந்தின் வாலை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சின்னம்மாவுக்கு எதுவோ. 'வாலின்' ஆக இருக்கட்டும் என்று நல்லூரில் கும்பிட்டேன்.

மாசி 26
இரண்டாம் தரம். நடுக்கம் இல்லை. கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் மருந்தின் உருவத்தை ஒரு கவர்த்தடியாகக் கீறிக் காட்டி, கொல்லுகிற ஆள் அவவின் இரத்தத்திலேயே இருக்கிறான் என்றேன், தடி கொடிக்கயிற்றுக்கு முண்டு கொடுப்போமே, அந்த மாதிரி.

"அப்ப என்ர ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம்?"

"நூறு நிணநீர்க்குழியத்தில ஐந்திலிருந்து பதினைந்து மட்டில, சின்னம்மா."

"காணுமோ?"

"ஒராள் பலதைக் கொல்லுவார்."

மருந்து முடியும் முன்பே உறங்கிப்போனா. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். கவர்த்தடியின் அடியில், வாலோடு ஒட்ட, அவவே மூன்று வட்டங்கள் கீறி வைத்திருக்கிறா.