லாரி ஹோம்ஸ் கட்சி

பாக்ஸிங் பைத்தியங்கள் கூடினால் முகமது அலி கட்சி, மைக் டைசன் கட்சி என்று இரண்டுதான் இருக்கும். இடையில் 1978 முதல் 1985 வரை ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியனாக இருந்த லாரி ஹோம்ஸுக்குப் பரிந்து பேச ஆளே இல்லை. அந்த மூன்றாவது கட்சியில் நான் இருக்கிறேன்.

பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்ற ஊரில் வளர்ந்தவர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு கார் கழுவப் போனார். பிறகு அலியின் பயிற்சி முகாமில் அவரோடு மோதிப் பழகும் வேலை.

ஹோம்ஸ் என்றால் இடது கை ஜாப், அதாவது கையை நேராக நீட்டி விடும் வேகக் குத்து. எதிராளியின் முகத்தை விட்டு அது அகலவே அகலாது. ஆனால் நான் அவர் கட்சியில் சேர்ந்தது 1978 ஜூனில் நடந்த கென் நார்ட்டன் போட்டிக்காக. 14 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் சமநிலை. மிச்சம் ஒரே சுற்று. இருவருமே களைத்துப்போயிருந்தார்கள், ஆனாலும் ஒருவரும் பின்வாங்கவில்லை. அந்தக் கடைசிச் சுற்றை இரண்டு நடுவர்கள் ஹோம்ஸுக்குக் கொடுத்தார்கள், பட்டம் கைமாறியது. ஹெவிவெயிட்டில் அதைவிட நல்ல மூன்று நிமிடங்கள் இருந்தால் யாராவது காட்டுங்கள்.

1980 அக்டோபரில் அலியோடு மோதல். அலிக்கு வயது 38, உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தக்கூடாதா என்பதுபோல் ஹோம்ஸ் நடுவரைப் பார்க்கிறார். பத்தாவது சுற்றோடு அலியின் தரப்பே நிறுத்திவிட்டது. வென்றவர் அழுதார். உலகமே நேசித்தவரை அடித்தவர் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

வாய்க்கொழுப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். 48 போட்டிகளில் தோல்வியே இல்லை. இன்னொன்று வென்றால், தோல்வியே காணாத பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவின் 49 வெற்றிகளைத் தொட்டிருப்பார். 1985-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்ற ஆத்திரத்தில், இறந்துபோன மார்சியானோ தன் உள்ளாடையைச் சுமக்கக்கூட லாயக்கில்லை என்று பேசினார். அசிங்கமான பேச்சு. தோல்வியைவிட அதுதான் அவரைக் கெடுத்தது.

1988-இல் டைசன் அவரை நான்காம் சுற்றில் சாய்த்தார். அப்போது ஹோம்ஸுக்கும் அதே 38 வயது! டைசன் கட்சிக்காரர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள். 75 போட்டிகளில் ஆட்டத்தையே நிறுத்தும் அளவுக்கு அவர் வீழ்ந்தது அந்த ஒருமுறைதான்.

நான்கு ஆண்டு கழித்து, 42 வயதில், அதுவரை தோற்றிராத ஒலிம்பிக் சாம்பியன் ரே மெர்சரைக் கயிற்றோரம் சாய்ந்து நின்றபடியே பன்னிரண்டு சுற்றும் போக்குக் காட்டி வென்றாரே, அதைப் பார்த்துவிட்டு என்னோடு வாதத்துக்கு வாருங்கள்.