ரோம் 1984 இயான் ரஷ்: சட்டைக் கோடுகள் ஒருவழியாக முடிந்தன

கோடுகள் உட்கார்ந்துவிட்டன. 75 மில்லிமீட்டர் உயரத்தில் செய்துவரும் கால்பந்து வீரர் இயான் ரஷ்ஷின் உருவத்தின் சட்டைக் கோடுகளைத்தான் சொல்கிறேன். அவர் ஆடிய இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு 1982 முதல் 1985 வரை அம்ப்ரோ தயாரித்துக் கொடுத்த சிவப்புச் சட்டையில் மேலிருந்து கீழாக மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். பழைய ஒளிப்பதிவுகளில் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சிவப்பாகத்தான் தெரியும். "சும்மா சிவப்பை அடித்துவிட்டுப் போ, யாருக்குத் தெரியப்போகிறது" என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்குத் தெரியுமே!

கம்பி வளைத்தது, பிசைந்து அப்பினால் இறுகிவிடும் புட்டியை அப்பியது, தேய்த்தது, அடிப்பூச்சான பிரைமர் அடித்தது எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் உடல் நிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோடுகளில் வந்த அத்தனை தொல்லைக்கும் அதுதான் காரணம். சந்தையில் கிடைக்கும் ரஷ் உருவங்களில் நான் பார்த்தவை எல்லாம் கோல் போட்ட பிறகு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்த நிலையில் எந்த ஆட்டக்காரரையும் செய்யலாம், தலையை மட்டும் மாற்றினால் போதும். லிவர்பூலுக்காக 660 ஆட்டங்களில் 346 கோல்கள் அடித்தவர் ரஷ். அதில் பாதி வேலை பந்து காலுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும். கோலுக்கு முதுகைக் காட்டியபடி சக ஆட்டக்காரர் டல்கிலீஷ் பந்தை வாங்குவார். அவர் திரும்புவதற்குள் ரஷ் தடுப்பாட்டக்காரரின் தோளை உரசிக்கொண்டு கிளம்பியிருப்பார். 1982 நவம்பர் 6 அன்று குடிசன் பார்க்கில் அதே ஊர் எதிரணியான எவர்ட்டனை 5-0 என்று வீழ்த்திய ஆட்டத்தில் நான்கு கோல்கள் அவருடையவை. அதைத் திரும்பப் பார்ப்பவர்கள் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து பறிபோனாலும் எதிரணித் தடுப்பாட்டக்காரரை விரட்டுவதில் அவர்தான் முதல் ஆள்.

ஆகவே என் ரஷ்ஷின் காலடியில் பந்து இல்லை. இடுப்பு கோலைப் பார்க்கிறது, நெஞ்சு பந்தைப் பார்க்கிறது, தலை தோளுக்கு மேலே திரும்பியிருக்கிறது. உடம்பு முறுக்கினால் சட்டை முறுக்கும், சட்டை முறுக்கினால் கோடும் முறுக்கும். கையைத் தூக்கி நிற்கும் பொம்மைக்குக் கோடு போடுபவர்களைப் பார்த்து நான் பொறாமைப்படுவதில்லை என்று சொன்னால் பொய்.

ரோம் இறுதி ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சோம்பேறிக் காரணமும் உண்டு. உள்நாட்டு ஆட்டங்களில் அந்தச் சட்டையின் நெஞ்சில் கிரவுன் பெயின்ட்ஸ் விளம்பரம் இருக்கும். 1984 மே 30 அன்று ரோமாவை அவர்களுடைய சொந்த ஊரிலேயே சந்தித்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் விளம்பரம் கிடையாது. எழுத்து எழுதும் வேலை மிச்சம். ஆட்டம் 1-1 என்று முடிந்து பெனால்ட்டியில் 4-2 என்று லிவர்பூல் வென்றது. ரஷ்ஷும் தன் பெனால்ட்டியைக் கோலாக்கினார். ஆட்ட நேரத்தில் கோல் அடிக்காத இறுதியை ஏன் எடுத்தாய் என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அது. லூட்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்கள் உட்பட அந்தப் பருவத்தில் மொத்தம் 47 கோல்கள், லீக்கில் மட்டும் 32. ஐரோப்பிய லீக்குகளில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியும் அவருக்கே. 22 வயதுப் பையன்.

இனி கோடுகள். இந்த அளவில் நிஜச் சட்டையை ஏறத்தாழ 24 மடங்கு சுருக்குகிறோம். கோடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்து நிற்கும், தலைமுடியைப் போல. முதலில் நீரில் நனைத்து ஒட்டும் டீகல் தாளில் அச்சிட்டு ஒட்டிப் பார்த்தேன். தட்டையான முதுகில் அழகாகப் படிந்தது. இடுப்பு மடிப்பில் எவ்வளவு மென்மைப்படுத்தும் திரவம் விட்டாலும் பாலம் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. வெள்ளை ஜெல் பேனாவில் கோடு பிரமாதமாக விழுந்தது, மேலே வார்னிஷ் பட்டதும் இளஞ்சிவப்புச் சேறாகிவிட்டது. கடைசியில் பிரஷ்தான்.

இதில் வழி காட்டியது கண்ணாடி. கோடு போட்ட சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, அதே மாதிரி உடம்பைத் திருகி, கண்ணாடியில் தெரிவதைப் படம் எடுத்துப் பார்த்தேன். நீளும் பக்கத்தில் கோடுகள் சாய்ந்து, விலகி ஓடுகின்றன. நெருங்கும் பக்கத்தில் கூட்டமாக வந்து மடிப்புக்குள் விழுந்து காணாமல் போய், மடிப்பின் மறுகரையில் சற்றுத் தள்ளி வெளிவருகின்றன. அந்தத் தள்ளல் இல்லாவிட்டால் துணியாகத் தெரியாது, கம்பி வலையாகத் தெரியும். எனவே மடிப்பின் பள்ளத்தில் கோடே போடக்கூடாது. மேட்டின் விளிம்பில் நிறுத்தி, அடுத்த மேட்டில் கொஞ்சம் தள்ளித் தொடங்க வேண்டும். இடையில் உள்ளதைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்கிறது.

போடும் வரிசையும் முக்கியம். கழுத்திலிருந்து நெஞ்சின் நடுவே ஒரு கோடு, இரண்டு அக்குளிலிருந்தும் கீழே ஒவ்வொன்று. இவை மூன்றும் முறுக்கோடு சரியாகப் போனால், நடுவில் உள்ள இடத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகலாம். ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசையாகப் போட்டால் மறு ஓரத்தில் இடம் போதாது அல்லது மிஞ்சும்.

அடுத்தது நிறம். சுத்த வெள்ளை கத்துகிறது. வெள்ளையில் சட்டையின் அதே சிவப்பைத் துளியும் சாம்பலை அதைவிடக் குறைவாகவும் கலந்தால் அடங்கி நிற்கிறது. சிவப்பு அக்ரிலிக்கின் கீழே உள்ளது தெரியும் என்பதால் அடியில் இளஞ்சிவப்பு ஒரு பூச்சு, மேலே சிவப்பு மெல்லியதாக இரண்டு பூச்சு. அது காய்ந்ததும் சாட்டின் வார்னிஷ் ஒரு பூச்சு. இந்த இடைப்பூச்சைத் தவிர்க்காதீர்கள். கோடு வழுக்கினால் ஈர பிரஷ்ஷால் துடைத்து எடுத்துவிடலாம், அடிச்சிவப்பு அசையாது. முதலில் கோட்டைச் சற்றுத் தடிமனாகவே போட்டேன். பிறகு இருபுறமும் சிவப்பால் அரிந்து அரிந்து மெலிய வைத்தேன். மெல்லிய கோட்டை ஒரே இழுப்பில் போட்டதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

பிரஷ் பற்றிய மூடநம்பிக்கை ஒன்றையும் உடைத்துவிடுகிறேன். இருப்பதிலேயே மிகச் சிறிய பிரஷ் வேண்டாம். அதில் ஏறும் துளி வண்ணம் உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். நல்ல முனையுள்ள 1ஆம் எண் சேபிள் (விலங்கு முடி) பிரஷ் போதும். வயிற்றில் வண்ணம் இருக்கும், முனையில் கோடு இருக்கும். மின்விசிறியை அணைத்து, இரண்டு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே தன்னை நோக்கி இழுக்க வேண்டும். சேபிள் பிரஷ்ஷை மினியேச்சர் கடைகளில் வாங்காதீர்கள். நீர்வண்ண ஓவியர்கள் வாங்கும் கடையில் அதே சரக்கு மலிவு. புட்டி விஷயத்தில்தான் என் வயிற்றெரிச்சல். வழக்கமாக வாங்கும் கடை இந்த முறை பழைய சரக்கைத் தள்ளிவிட்டது. இந்தப் புட்டி மஞ்சள், நீலம் என்று இரண்டு பாகங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய பட்டையாக வரும், இரண்டையும் பிசைந்தால்தான் இறுகும்; அவை சேரும் நடுக்கோடு முழுவதும் முன்பே கட்டி தட்டிக் கிடந்தது. நடுவில் அகலமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பிசைந்தேன். பாதிக் காசு குப்பையில்.

மீசைக்குக் கறுப்பு வேண்டாம், அடர்பழுப்பை நீர்த்து இரண்டு முறை ஓட்டினால் போதும். அவ்வளவுதான் மீசை.

முதுகில் 9ஆம் எண் இன்னும் பாக்கி. அதற்குள் மனம் அடுத்த உருவங்களுக்குத் தாவிவிட்டது. ரஷ் முதலில் ஆடிய செஸ்டர் அணியில் தொடங்கி, பிற்காலத்தில் ஆடிய ரெக்ஸம் வரை ஒரு வரிசை செய்யும் எண்ணம். 1987-88இல் ஆடிய இத்தாலியின் யுவென்டஸ் சட்டைக்கு அகலப் பட்டைகள், மாஸ்கிங் டேப் போதும், ஓய்வான வேலை. அந்த அணியின் நட்சத்திரம் பிளாட்டினி ஓய்வு பெற்ற கையோடு ரஷ் அங்கே போய் இறங்கி, லீக்கில் 7 கோல்களோடு ஒரே ஆண்டில் லிவர்பூலுக்குத் திரும்பினார். இத்தாலி வெளிநாடு மாதிரி இருந்தது என்று அவர் சொன்னதாக ஒரு நகைச்சுவை இன்றும் சுற்றுகிறது. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவரே மறுத்த பிறகும் விடமாட்டேன் என்கிறார்கள். அதே கறுப்பு வெள்ளைக் குப்பிகளில் 1997-98 நியூகாசில் ரஷ்ஷையும் முடித்துவிடலாம். அங்கே போயும் எவர்ட்டனுக்கு எதிராக எஃப்.ஏ. கோப்பையில் வெற்றிக் கோல் அடித்தார், பாவம் எவர்ட்டன். ரெக்ஸமில் லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. யாரும் வாங்கமாட்டார்கள், ஆனாலும் அந்த உருவம் இல்லாமல் வரிசை முடியாது.

ஆசை எல்லாம் வேல்ஸ் உருவத்தின் மேல்தான். 73 ஆட்டங்கள், 28 கோல்கள். அந்தக் கோல் சாதனையை 2018இல் கேரத் பேல் முறியடிக்கும் வரை வேல்ஸுக்காக அதிகக் கோல் அடித்தவர்களில் அவர்தான் முதலிடம். ஒரு உலகக் கோப்பையும் ஆடக் கிடைக்கவில்லை. 1991 ஜூன் 5, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க், எதிரே உலகச் சாம்பியன் ஜெர்மனி. பின்னாலிருந்து பால் போடின் நீளமாக அடித்த பந்தை ரஷ் துரத்த, ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் புக்வால்ட் கூடவே ஓட, கோல்காப்பாளர் இல்க்னரைத் தாண்டி ஒரே அடி. 1-0. அதே போடின்தான் 1993 நவம்பரில் ருமேனியாவுக்கு எதிரான பெனால்ட்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தார், அமெரிக்க உலகக் கோப்பை கைநழுவியது. ஒரே அலமாரியில் இரண்டையும் வைக்க எனக்குத் தைரியம் இல்லை, 1991 மட்டும் போதும்.

அதற்கு இரண்டு உருவம் வேண்டும். ரஷ் மட்டும் ஓடினால் எவ்வளவு வேகம் என்று தெரியாது, அரை அடி பின்னால் புக்வால்ட் திணற வேண்டும். 9ஐ எழுதி மேட் வார்னிஷ் அடிக்க வேண்டிய நேரத்தில், நேற்று ராத்திரி புக்வால்டுக்குக் கம்பியை வளைத்து முடித்துவிட்டேன்.