காத்ர் போர்ன் சந்தையில் காரிபுலே

மொரீசியஸுக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் அம்மா கேட்கும் முதல் கேள்வி மட்டும் இன்னும் மாறவில்லை: "அங்க கறிவேப்பிலை கிடைக்குதாடா?" அதற்கு "கிடைக்குதும்மா" என்று சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது.

வேலை எபேன் என்ற ஊரில். தங்கியிருப்பது பக்கத்தில் காத்ர் போர்னில், ஒரு வயதான அம்மாவின் வீட்டு மாடியில். ஜன்னலைத் திறந்தால் கோர் த கார்த் மலை, அதன் சரிவில் முருகன் கோயில். தெருவில் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் சின்னதம்பூ, வீராப்பென், ஆர்மூகம் என்று வரிசையாக வரும். ஆறுமுகத்தைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியுமா, வந்த புதிதில் யாரைப் பார்த்தாலும் "நீங்க தமிழா?" என்று தமிழிலேயே ஆரம்பித்துவிடுவேன். அவர்கள் முகம் மலர்ந்து "வி, தமூல்" (ஆமாம், தமிழ்) என்பார்கள், அடுத்த வார்த்தை க்ரியோலில் வரும், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சுமொழி அது, எனக்கு ஒன்றும் புரியாது, இருவரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நிற்போம். தமிழ் போய்விட்டது போலிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு வருத்தத்தோடு வீட்டுக்கு வருவேன். அந்த வருத்தம் எவ்வளவு அவசரமானது என்று காட்டியது சந்தைதான்.

சனிக்கிழமை காய்கறிச் சந்தை. தக்காளி, சௌசௌ, பாகற்காய் எல்லாம் குவிந்து கிடக்கிறது, கறிவேப்பிலையைத் தவிர. "கறி லீவ்ஸ்" என்று கேட்டால் மசாலாப் பொடி பாக்கெட்டைக் காட்டுகிறார்கள். மூன்றாவது சனிக்கிழமை, போனில் படத்தை எடுத்து ஒரு கடைக்கார அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஆ, காரிபுலே!" என்றவர் பலகைக்கு அடியில் ஈரச் சாக்கை விலக்கி, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து என் கையில் வைத்தார். சின்ன இலை, கரும்பச்சை, காம்பில் தண்ணீர் சொட்டுகிறது. முகர்ந்து பார்த்தேன், நம் வீட்டுக் கொல்லை வாசம். ஆனால் அந்த வாசத்தைவிட அந்தச் சொல்தான் என்னை அங்கேயே நிறுத்தியது. காரிபுலே. கறிவேப்பிலையேதான்! மூன்று வாரமாக நான் ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருந்ததை அவர்கள் எத்தனையோ தலைமுறையாகத் தமிழில் வைத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் காது வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்தது. கொத்தமல்லி இங்கே கோத்தோமிலி. பீர்க்கங்காய் பிபெங்காய். கீரைக்கு ப்ரெட் என்பது பொதுப்பெயர், அதில் முருங்கைக்கீரை ப்ரெட் மூரூம். ரசம் ராசோன். இதையெல்லாம் தமிழர்கள் மட்டும் சொல்வதில்லை, சீனர் கடையிலும் ஆப்பிரிக்க வழி வந்த க்ரியோல் குடும்பத்திலும் இதே சொற்கள்தான். பெட்டியில் கொண்டுவந்த நாற்பது பக்க நோட்டு ஒன்று சும்மா கிடந்தது, அதில் எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் க்ரியோல், ஒரு பக்கம் தமிழ், யாரிடம் எங்கே கேட்டேன் என்று கீழே ஒரு வரி. வெளிநாட்டில் தனியாக இருக்கும் ஒருவனுக்கு இப்படி ஒரு வேலை எவ்வளவு பெரிய துணை என்பதை இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் சொற்கள் எப்போது கப்பலேறின என்று யோசித்தால் தலை சுற்றும். கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்கள் கதைதான் நமக்குத் தெரியும், 1834ல் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறை. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்ற இடத்தில் அவர்கள் ஏறி வந்த 16 கல்படிகள் இன்னும் இருக்கின்றன, 2006ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். ஆனால் அதற்கு நூறு வருடம் முன்பே, பிரெஞ்சுக்காரர் லாபூர்தொனே கவர்னராக இருந்தபோது, புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கொத்தனார்களும் தச்சர்களும் போர்ட் லூயிஸைக் கட்டியிருக்கிறார்கள். வந்தவர்களின் பெயரை அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள், அப்படித்தான் தாத்தாவின் ஆறுமுகம் பேரன்களுக்குக் குடும்பப் பெயராக ஆர்மூகம் ஆனது.

பணத்தையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக. 100 ரூபாயில் இருப்பவர் தமிழ் வம்சாவளித் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன். 1998ல் அச்சடித்த புதிய நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது தமிழர்கள் விடவில்லை, கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். வீட்டில் க்ரியோல் பேசுகிறவர்கள்தான் இதற்காகத் தெருவில் இறங்கியவர்கள். அவர்களைப் பார்த்துத் தமிழ் போய்விட்டது என்று நினைத்தேனே!

தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. அதற்குப் பத்து நாள் முன்பிருந்து கீழ்வீட்டில் மீன் வாசனை நின்றது. வீட்டுக்கார அம்மா பாய் போட்டுத் தரையில் படுத்தார், சாயந்திரம் கோயிலுக்குப் போய் முருகன் பாட்டு பாடினார். பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன், தமிழ்ப் பாட்டு முழுக்க பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. "உங்க வீட்ல எத்தனை நாள் விரதம்?" என்று க்ரியோலில் கேட்டார். பூசத்தன்று மட்டும் என்றேன். "தமிழ்நாட்டிலயா?" என்று அவர் கேட்ட தொனியில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

பூசத்தன்று காலை அவரோடு நடந்தேன். வளைத்துக் கட்டிய காவடியில் பூவும் மயிலிறகும், இரண்டு பக்கமும் பால் செம்பு, நாக்கிலும் கன்னத்திலும் வேல். வெயிலில் தார் ரோடு கொதிக்கிறது, வழிநெடுக வீட்டுக்காரர்கள் ரோட்டில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கிறார்கள், அதில் தமிழரல்லாத வீடுகளும் உண்டு. மலைப்படியில் ஏறும்போது எனக்குப் பின்னால் ஒரு பையன், பத்து வயது இருக்கும், தோளில் சின்னக் காவடி, "அரோகரா" என்று சுத்தமாகக் கத்தினான், உடனே திரும்பி அப்பாவிடம் க்ரியோலில் தண்ணீர் கேட்டான்.

மத்தியானம் கோயில் சாப்பாடு, செட் காரி என்பார்கள், வாழையிலையில் சோற்றைச் சுற்றி ஏழு கறி. கடைசியில் ராசோன். வீட்டுக்கார அம்மா தன் இலையிலிருந்து ஒரு காரிபுலே இலையை எடுத்துக் காட்டி, "நோட்டில் எழுதிட்டியா, மோ கார்சோன்?" என்றார். மோ கார்சோன் என்றால் என் மகனே. எழுதிவிட்டேன் என்றேன்.

நோட்டில் இப்போது 61 சொற்கள். அடுத்த மாதம் நாலு நாள் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியன் போகிறேன், இங்கிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். அங்கே இதே இலையை கலூபிலே என்கிறார்களாம். சந்தையில் யார் வாயாலாவது அதைக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.