தூக்கத்துல பல் கடிக்கிறதும், நைட் கார்டுக்கு நான் அலைஞ்ச அலைச்சலும்

எட்டு மாசம். காலைல கண்ணு முழிக்கும்போதே ரெண்டு நெத்திப்பொட்டும் விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும், வலது காதுக்குள்ள குத்தும், கொட்டாவி விட்டா தாடை 'டக்'குனு சத்தம் போடும். காது டாக்டர் காது சுத்தமா இருக்குன்னாரு, கண் டாக்டர் கண்ணாடி பவரை மாத்துனாரு, எதுலயும் குறையல. "ராத்திரி நீ பல்லை நறநறன்னு கடிக்கிற, எனக்குத் தூக்கமே போகுது"ன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டேதான் இருந்தாரு, அம்மாகிட்ட சொன்னா "வயித்துல பூச்சி இருக்கும்டி, பூச்சி மாத்திரை போடு"ன்னாங்க, அதையும் போட்டேன். தலைவலிக்கும் பல் கடிக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எங்க யாருக்கும் தோணல.

ஒருநாள் இட்லி சாப்பிடும்போது வாயில கல்லு மாதிரி ஏதோ தட்டுப்பட்டுச்சு. துப்பிப் பாத்தா என் கடவாப்பல்லோட மூலை. பக்கத்துல இருந்த கிளினிக்ல ரூட் கெனால், கேப்னு எழுதி செஞ்சும் விட்டுட்டாங்க. நாலே மாசத்துல கேப் மேல இருந்த பீங்கான் பேந்துடுச்சு. கேட்டா "கெட்டியா ஏதாச்சும் கடிச்சிருப்பீங்க"ன்னு பழி என் மேலயே. ராத்திரி பல் கடிப்பீங்களான்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்தக் காசும் நாலு மாசமும் மிஞ்சியிருக்கும், இன்னும் வயிறு எரியுது.

அடுத்து பாத்த டாக்டரம்மா எக்ஸ்ரே எடுக்கிறதுக்கு முன்னாடியே என் ரெண்டு கன்னத்துலயும் விரலை வச்சு "பல்லை இறுக்கிக் கடிங்க"ன்னாங்க. தாடைத் தசை கல்லு மாதிரி புடைச்சுகிட்டு நின்னுச்சு. அப்புறம் கண்ணாடியைக் கையில குடுத்து நாக்கை நீட்டச் சொன்னாங்க, ஓரம் பூரா பல்லு பதிஞ்ச தடம், கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளைக் கோடு, கோரைப்பல் நுனி தேஞ்சு தட்டையாவே ஆயிடுச்சு. எல்லாம் பல் கடிக்கிறதோட அடையாளமாம். டீ, காபி எவ்ளோ, குறட்டை உண்டா, என்ன மாத்திரை போடுறீங்கன்னு வரிசையா கேட்டாங்க. மனச்சோர்வுக்குக் குடுக்கிற சில மாத்திரைங்க சிலருக்குப் பல் கடிக்கிறதைக் கூட்டுமாம். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட பேசுங்க.

நைட் கார்டுக்கு, அதாவது ராத்திரி தூங்கும்போது பல்லு மேல மாட்டிக்கிற உறைக்கு, அளவு எடுத்தாங்க, அச்சு எடுக்கிற மாவை வாயில அப்பும்போது குமட்டும், தலையைக் கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு மூக்கால மூச்சு விட்டா சமாளிச்சிடலாம். தப்பு நடந்தது இதுக்கப்புறம்தான். கார்டு லேப்ல இருக்கும்போதே ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு உடைஞ்ச கேப்பை மாத்த தேதி குடுத்திருச்சு, நானும் போய் மாத்திட்டு வந்துட்டேன். கார்டு வந்தா உக்காரவே இல்ல, புது கேப் மேல தூக்கிட்டு நிக்குது. ஒண்ணரை மணி நேரம் பஸ்ல போனது வீண். "திரும்ப செய்யணும், 4,000 ரூபா கட்டுங்க"ன்னு அந்தப் பொண்ணு சொல்ல, ரெண்டு தேதியும் அவங்க கையெழுத்துலயே இருந்த அப்பாயின்ட்மென்ட் அட்டையை எடுத்து டாக்டர் முன்னாடியே வச்சேன், பாத்துட்டு காசு வாங்காமலே செஞ்சு குடுத்தாங்க. அதனால அந்த அட்டையைத் தூக்கிப் போட்றாதீங்க. அடைக்கிறது, கேப் போடுறது எல்லாத்தையும் முதல்ல முடிச்சிட்டு கடைசியா கார்டுக்கு அளவு குடுங்க. ஆபீஸ் இன்சூரன்ஸ்ல கேட்டுப் பாத்தேன், விபத்துல அடிபட்டா மட்டும்தான் பல்லுக்குக் குடுப்பாங்களாம்.

கார்டு வாங்கும்போது நீலக் காகிதத்தைக் கடிக்க வச்சு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி படுதான்னு பாத்து தேய்ச்சுக் குடுப்பாங்க, ஒரு பக்கம் மட்டும் இடிச்சா வெக்கப்படாம சொல்லுங்க, அப்படியே போட்டா தாடைதான் வலிக்கும். முதல் பத்து நாள் எச்சில் ஊறும், தூக்கத்துல நானே கழட்டி தலகாணிக்கடியில போட்டிருக்கேன், விடாம போட்டேன், பழகிடுச்சு. சுடுதண்ணில கழுவாதீங்க, கோணிடும். இதுக்கு முன்னாடி ஆன்லைன்ல, வெந்நீர்ல போட்டு இளக்கி நாமளே கடிச்சு அளவு பண்ணிக்கிற மெத்துன்னு இருக்கிற கார்டு ஒண்ணு வாங்கி ஒரு மாசத்துல மென்னே கிழிச்சிட்டேன், மெத்துன்னு இருந்தா சிலர் இன்னும் கூடக் கடிப்பாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, கார்டு பல்லைத்தான் காப்பாத்தும், கடிக்கிறதை நிறுத்தாது. பகல்லயும் நான் இறுக்கிட்டுதான் இருந்திருக்கேன், கம்ப்யூட்டர் ஓரத்துல 'உதடு மூடி, பல்லு விலகி'ன்னு ஒட்டி வச்சிருக்கேன், பாக்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துவேன். சாயங்காலத்துக்கு மேல டீ கிடையாது. படுக்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கன்னத்துல வெந்நீர் ஒத்தடம். மூணு வாரமா காலைல தலைவலி இல்ல.

இப்ப என் பொண்ணும் கடிக்கிறா, ஏழு வயசு. பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் வளர வளர நின்னுடும், கார்டெல்லாம் வேண்டாம், குறட்டை விடுறாளா, வாயைத் திறந்துட்டு தூங்குறாளான்னு மட்டும் பாருங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ரெண்டு ராத்திரி பக்கத்துல உக்காந்து பாத்தேன், குறட்டை விடுறா. அடுத்த வாரம் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.